கொசுவின் கடிகாரமும் தெருவிளக்கும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் சுமார் 8 கி.மீ. வந்தால் நோணாங்குப்பம். சங்கராபரணி ஆறு கடலில் சேர்வதற்கு முன் இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளைதான் இந்த ஊரின் சுண்ணாம்பாறு. படகுத்துறைக்கு வரும் கூட்டம் சாயங்காலத்தோடு கலைந்துவிடும். அதன் பிறகு வேறொரு கூட்டம் வேலைக்குக் கிளம்புகிறது. தும்பியும் தேனீயும் அடங்கிவிட, சுவர்க்கோழி கத்த ஆரம்பிக்கும். அந்துப்பூச்சி பறக்கும். கொசுவும் வரும். யாரும் மணி அடிப்பதில்லை!

இருட்டியதைப் பார்த்துத்தான் இவை கிளம்புகின்றன என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது பாதி உண்மைதான். வெளிச்சமே இல்லாத அறையில் பூச்சிகளை அடைத்து வைத்தாலும் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அவை எழும், அடங்கும். கடிகாரம் அவற்றின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். அதைத் தினமும் சரி செய்வதுதான் வெளிச்சத்தின் வேலை. சாவி கொடுத்த கடிகாரத்தை வானொலிச் செய்தி நேரத்துக்குத் திருப்பி வைப்பார்களே, அது மாதிரி.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களையும், நிலவறைக்குள் மணி தெரியாமல் தங்கிய மனிதர்களையும் வைத்து உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தவர் எம்.கே. சந்திரசேகரன். பிறகு பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் 1999-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பழ ஈக்களை இரவே இல்லாமல் தொடர்ந்து வெளிச்சத்தில் 600 தலைமுறைக்கு மேல் வளர்த்தும், அவை கூட்டிலிருந்து வெளிவரும் தாளம் அழியவில்லை என்பதே அந்த முடிவு. 600 தலைமுறையாகப் பயன்படாத கடிகாரம் துருப்பிடிக்கவில்லை. 2017-ல் இதே பழ ஈயின் கடிகார மரபணுக்களுக்காக மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது மதுரையையும் பெங்களூரையும் நினைத்தவர்கள் எத்தனை பேர்? நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

சரி, இதெல்லாம் ஆய்வுக்கூடத்து வேடிக்கை என்று விட்டுவிட முடியாது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நள்ளிரவை ஒட்டித்தான் அதிகம் கடிக்கிறது. நோயாளியின் உடலில் உள்ள நுண்புழுக்களும் அதே நேரத்தில்தான் தோலருகே உள்ள ரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுப்பவர்கள் ராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறார்கள். புதுச்சேரியில் 1975 முதல் கொசுக்களுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இயங்கி வருவதால், இந்தப் பக்கத்து மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இதற்கு நேர்மாறு. அது பகல்காரி. காலையில் ஒருமுறை, பொழுது சாய்வதற்கு முன் ஒருமுறை தீவிரமாகக் கடிக்கும். இருட்டினால், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஓய்வெடுக்கும்.

இங்கேதான் விளக்கு குறுக்கே வருகிறது. 2020-ல் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வாளர் தம் கையையே ஏடிஸ் கொசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரவில் இருட்டில் கடித்தவற்றைவிட, செயற்கை வெளிச்சத்தில் கடித்தவை ஏறத்தாழ இரு மடங்கு. அதே பல்கலைக்கழகத்தில் 2017-ல் மலேரியா கொசுவான அனோபிலிஸுக்கு இரவில் பத்து நிமிடம் வெளிச்சம் காட்டியபோது அது கடிப்பது குறைந்தது. ஒரே வெளிச்சம் ஒரு கொசுவைத் தூங்க விடாமல் செய்கிறது, இன்னொன்றை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது! ஆகவே, “விளக்கு போட்டால் கொசு வராது” என்பதும் “விளக்குக்குத்தான் கொசு வருகிறது” என்பதும் முழுமையான பேச்சு அல்ல. எந்தக் கொசு என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

வெளிச்சத்தின் நிறமும் முக்கியம். பழ ஈயின் கடிகாரத்தை வெளிச்சத்தோடு இணைக்கும் புரதமான கிரிப்டோகுரோம் நீல ஒளிக்குத்தான் அதிகம் அசையும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் நீலம் குறைவு. அதன் இடத்தில் வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி.யில் அதிகம். மின்சாரம் மிச்சம் என்பது உண்மையான லாபம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விளக்கு வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்ப்பதில்லை.

அதற்காகத் தெருவிளக்கை அணைத்துவிடு என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி நடக்கும் பெண்ணுக்கும், விடியுமுன் வலையோடு கிளம்பும் மீனவருக்கும் வெளிச்சம் வேண்டும். ஆனால் அந்த வெளிச்சம் சாலையில் விழுந்தால் போதும், ஆற்றங்கரை அலையாத்திப் புதருக்குள் விழத் தேவையில்லை. மேலே மூடி போட்ட, கீழ்நோக்கிய, மஞ்சள் சாயல் விளக்குக்குப் பெரிய செலவும் கிடையாது. டெங்குவை ஒழிக்க விளக்கை மாற்றினால் போதும் என்பதும் அபத்தம். தண்ணீர்த் தொட்டியையும் பழைய டயரையும் கவிழ்க்காமல் எதுவும் நடக்காது.

புகை அடிக்கும் நேரத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பல ஊர்களில் இருட்டிய பிறகுதான் புகை வண்டி வருகிறது. புகை அப்போது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். ஏடிஸோ துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். டெங்குக் காலத்தில் அந்த வண்டி வர வேண்டியது அதிகாலையில், இல்லையென்றால் பொழுது சாயும் முன். கொசுவலையை ராத்திரி மட்டும் கட்டுகிற வழக்கமும் இப்படித்தான். மத்தியானம் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்குத்தான் முதலில் வலை வேண்டும். அடுத்து, பரீட்சைக்காகப் பதினொரு மணி வரை டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கால்களுக்கு. மேஜைக்கு அடியில் இருக்கும் ஏடிஸுக்கு இன்னும் பொழுது சாயவில்லை.