பொம்மைக்கு உள்ள பொறுமை தரைக்கு இல்லையா?

எங்கள் வேப்பூருக்குப் பக்கத்து டவுன் விருத்தாசலம். பீங்கான் பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் என்று செராமிக் சாமான்களுக்குப் பேர் போன ஊர். அங்கே யாரும் ஈரப் பொம்மையைச் சூளையில் வைக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி பொம்மையை உடைத்துவிடும். ஆனால் சொந்த வீடு கட்டும்போது மட்டும் இந்த அறிவு எங்கே போகிறதோ!

எங்கள் சித்தப்பா வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். கான்கிரீட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவசரமாக டைல்ஸ் ஒட்டியாயிற்று. அடுத்த ஐப்பசி மழையில் டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக உப்பு பூத்தது. தட்டினால் ‘டொப் டொப்’ என்று காலிச் சத்தம். லோன் இன்னும் பாக்கி இருக்கிறது.

நான் பி.காம்., இன்ஜினியர் இல்லை. ஆனாலும் விசாரித்துப் படித்ததில் புரிந்தது இதுதான். கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் ஈரம் அதில் ஏறும். வரும்போது உப்பையும் கூட்டி வரும். கலக்கும்போது ஊற்றிய தண்ணீர் காயவே அங்குலத்துக்குச் சுமார் ஒரு மாதம் என்று தோராயக் கணக்கு சொல்கிறார்கள். அப்படியானால் 4 அங்குலத் தரைக்கு 4 மாதம்!

காய்ந்ததா என்று பார்க்க சுலபமான வழி: ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது.

புது வீடு என்றால் கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரித்தால் மண் ஈரம் பெரும்பாலும் நின்றுவிடும். டைல்ஸ் செலவில் இது சின்னப் பங்குதான். ஆனால் விருந்தாளி கண்ணில் படாதே! அதனால் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். பழைய வீடு என்றால் முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். சுவரோரம் மழைநீர் தேங்குகிறதா, பாத்ரூம் பைப் கசிகிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு மேலே என்ன பூசினாலும் வீண்.

வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்குக் காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்து மறுபடி போடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இந்த முகூர்த்தம் போனால் அடுத்தது வரும். காய்ந்த தரையில் நின்று பால் காய்ச்சலாமே!