180 கிலோமீட்டர் எவ்வளவு தூரம்?

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. இடம், சரவாக் மலைநாட்டில் உள்ள பாரியோ. அக்கா கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினார்.

"மிரியிலிருந்து 180 கிலோமீட்டர்தான் தம்பி. நம்ம கோலாலம்பூர், ஈப்போ மாதிரிதானே? அவசரம்னா உடனே வந்துடலாம்ல?"

கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால் ஈப்போவுக்கு நெடுஞ்சாலை உண்டு, ரயில் உண்டு. பாரியோவுக்கு இருப்பது வெட்டுமரம் ஏற்றும் லோரிகளுக்காகப் போட்ட மண்பாதை. ஃபோர்வீல் வண்டியில் போனாலும் ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை.

மிச்சம் இருப்பது விமானம். கோலாலம்பூரிலிருந்து மிரிக்குப் போகும் ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்கில் 180 கிலோமீட்டர் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பாரியோவின் குட்டி ஓடுதளத்தில் ஜெட் இறங்க முடியாது. அங்கே போவது 19 பேர் அமரும் டுவின் ஓட்டர். அதன் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில்தான். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 50 நிமிடம்.

அந்த 50 நிமிடமும் வானம் விட்டால்தான். சுற்றிலும் மலை. விமானி கண்ணால் பார்த்து இறங்க வேண்டிய இடம். மேகம் மூடினால் விமானம் கிளம்பாது. பாதி வழியில் திரும்புவதும் உண்டு. எடைக்கும் கட்டுப்பாடு. பையை மட்டுமல்ல, பயணியையும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார்கள்.

பாரியோவிலிருந்து அடுத்த ஓடுதளமான பாக்கெலாலான் 30 கிலோமீட்டர்தான். நம் ஊரிலிருந்து சிப்பாங் விமான நிலையம் இருக்கிற தூரம். நடுவே மலையும் காடும். நடந்து போனால் சில நாட்கள் ஆகும்.

அங்கு வாழும் கெலாபிட் மக்களுக்கு விமானம் சொகுசு அல்ல. கடுமையான நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போவதும் பிள்ளைகள் மேற்படிப்புக்கு வெளியூர் போவதும் பெரும்பாலும் அதில்தான். அதனால்தான் 2007 முதல் மாஸ்விங்ஸ் நடத்திய இந்தச் சேவைக்கு மத்திய அரசு மானியம் கொடுத்து வந்தது. 2025இல் அந்நிறுவனத்தை வாங்க சரவாக் அரசு ஒப்பந்தம் செய்தது. லாபம் பார்த்தால் ஓடாத வழிகள் இவை; நிறுத்தினால் ஓர் ஊரே துண்டிக்கப்படும்.

அக்காவிடம் சொன்னேன்: "கிலோமீட்டரைப் பார்க்காதீங்க. நாள் கணக்கு வைச்சுக்குங்க. பாரியோவிலிருந்து மிரிக்கு வர்ற அன்றைக்கே கோலாலம்பூர் விமானத்தைப் பிடிக்கிற மாதிரி டிக்கெட் எடுக்க வேண்டாம். நடுவுல ஒரு நாள் விடுங்க. திடீர்னு வர முடியலைன்னா பிள்ளையைக் கோபிச்சுக்காதீங்க."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, "தீபாவளிக்கு முதல் நாள் வேணாம்மா. ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பிடு" என்றார். வேலையில் சேரப் பிள்ளை இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.