ஃபனான் யாருடைய சொத்து?

கருவடிக்குப்பம் என்றதும் குயில் தோப்பு, பாரதி என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதே கடற்கரையிலிருந்து கூலிகளாகக் கப்பலேறிப் போன ஜனங்களைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குச் சல்லிசாக ஆள் வேண்டியிருந்தது. 1853 தொடங்கி புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்து ஏற்றினார்கள். 1880கள் வரை இந்தியாவிலிருந்து மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். சேரி ஜனங்களும் அதில் உண்டு. விடுதலையான கறுப்பர் கூலி உயர்த்திக் கேட்கக் கூடாது என்பதற்காக நம் ஆட்களை அவர்களுக்கு எதிராக இறக்கினார்கள். அந்த மார்த்தினிக்கில்தான் செசேர் 1913இலும் ஃபனான் 1925இலும் பிறந்தார்கள். அவர்களுடைய சிந்தனை நமக்கு அந்நியச் சரக்கு இல்லை, தோழர்களே.

இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் ஃபனான் என்றால் கருத்தரங்கு, ஆய்வேடு, பதவி உயர்வு. கறுப்பு உடலின் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற பேராசிரியரிடம் 'உங்க துறையில எத்தனை தலித் ஆசிரியர் சார்?' என்று கேட்டுப் பாருங்கள், முகம் சுண்டிப்போகும். கோட்பாடு பார்ப்பனருக்கு, தரவு சேகரிக்கிற வேலை நமக்கு என்கிற இந்தப் பாகப்பிரிவினையைத்தான் கோபால் குரு 2002இல் போட்டு உடைத்தார்.

அப்படியானால் நம்ம பிள்ளைங்க அந்த வேலைக்குப் போகக் கூடாதா? கட்டாயம் போகணும். ராஜ் கௌதமன் இந்தப் புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டுதான் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதினார். வசைச் சொல்லையே செசேர் கொடியாக்கியதுபோல, இழிவென்று ஒதுக்கியதையே இவர் கலகமாக்கினார். 2024இல் மறைந்த அவரை இங்கே எத்தனை வகுப்பறையில் கோட்பாட்டாளராகப் படிக்கிறார்கள்?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நிறவெறி தோலைப் பார்க்கிறது. சாதி ஒரே நிறத்துக்காரனிடம் ஊரையும் தெருவையும் விசாரிக்கிறது. ஃபனானை மட்டும் வைத்து இதை அறுக்க முடியாது, அம்பேத்கர் வேண்டும். அவரே 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படி கேட்டார். பட்டம் வாங்கவா கேட்டார்? நம் ஜனங்களின் வழக்குக்கு அது உதவும் என்று கேட்டார்.

மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரெஞ்சு படியுங்கள். அந்தக் கூலிக் கப்பல்களின் ஆவணங்களை நாமே படிக்க வேண்டும். படித்ததைச் சேரியில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். நம்மைப் பற்றிய கோட்பாட்டை இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவன் எழுதுவது?