துணி கட்டச் சொல்பவர் துவைக்கவும் வேண்டும்

காலை நடை முடிந்ததும் எங்கள் பகுதிப் பெரியவர்கள் ஐந்தாறு பேர் டீக்கடை பெஞ்சில் உட்காருவது வழக்கம். சர்க்கரை இல்லாத டீ, சர்க்கரை தூக்கலாக வம்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பேச்சு பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்பியது. "இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒரு துணி துவைக்க உடம்பு வணங்கவில்லை. பச்சைக் குழந்தைக்கும் பேம்பர்ஸ் மாட்டிவிடுகிறார்கள்" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் தலையாட்டினோம். நான் ஒரு படி மேலே போய், "நம்ம பிள்ளைகள் எல்லாம் பழைய வேட்டித் துணியில்தானே வளர்ந்தது? என்ன குறைந்து போச்சு?" என்று கேட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் குப்பை வண்டி. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைக் காவலர் அம்மா, எங்கள் வீட்டு டப்பாவைக் கவிழ்த்து மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கையால் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "சார், கொழந்தையோட பேம்பர்ஸ மட்டும் தனியா பேப்பர்ல சுத்திக் குடுங்க சார். பிரிக்கும்போது கையில பட்டுடுது. அப்புறம் சோறு எறங்கல" என்றார். கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தன்மையாகச் சொன்னதால் பதில் வரவில்லை.

அப்போது என் பேரனுக்கு ஏழு மாதம். அவனுடைய மலத்தை அவன் அப்பா தொட்டதில்லை. தாத்தாவாகிய நானும் தொட்டதில்லை. யாரோ பெற்ற ஒரு பெண்மணி, எங்களுக்கு எந்த உறவும் இல்லாதவர், தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறார். டயாபர் வந்ததால் அசிங்கம் எங்கேயும் மறைந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

அன்றைக்கு இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். "நம்ம பிள்ளைகள் துணியில் வளர்ந்தது" என்று பெஞ்சில் மார்தட்டினேனே, அந்தத் துணியைத் துவைத்தது யார்?

என் மகள் 1986-இலும் மகன் 1989-இலும் பிறந்தார்கள். அப்போது பல்லாவரத்தில் வாடகை வீடு. நாலு குடித்தனத்துக்கு ஒரு அடிபம்பு. ஒரு நாளைக்கு இருபது துணியாவது விழும். என் அம்மா இருந்தவரை அம்மாவும், பிறகு என் மனைவியும் பம்படியில் குந்தி உட்கார்ந்து துவைத்தார்கள். மழைக்காலத்தில் துணி காயாது. கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணித் தணல் வைத்து, மேலே துணியைப் பரப்பி உலர்த்துவார்கள். எனக்கு அந்த வாசனை மட்டும்தான் நினைவிருக்கிறது. பம்படியில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. ஆக, "எங்கள் காலத்தில் துணிதான்" என்று நான் சொன்னது என் மனைவியின் முதுகுவலியை என் பெருமையாகக் கணக்கெழுதிய கதை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் சங்கடம். நான் பிறந்த கிராமத்தில் பிரசவத் தீட்டுத் துணிகளை வெளுக்க வண்ணார் வீட்டு அம்மா வருவார். கூலியாக நெல்லோ சோறோ கொடுப்பார்கள், அதையும் தள்ளி நின்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வீட்டு அழுக்கை வேறொருவர் தலையில் கட்டுவது நமக்குப் புதிதல்ல. டயாபர் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறது.

பிளாஸ்டிக் என்றதும் என் தொழில் புத்தி வருகிறது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனிகளில் வேலை பார்த்தவன். கடைசிப் பத்து வருஷம் இங்கே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில். எங்கள் தொழிலில் ஒரே வகைக் கழிவு என்றால் அரைத்துத் திரும்பவும் மெஷினில் போட்டுவிடலாம். இரண்டு வகை கலந்துவிட்டால் தலைவலி. டயாபரைப் பிரித்துப் பாருங்கள். வெளியே பாலி எத்திலீன், உள்ளே உடம்பில் படும் இடத்தில் பாலி புரொப்பிலீன், நடுவில் மரக்கூழ், அதோடு ஈரத்தை இழுத்து ஜெல்லாகிவிடும் சோடியம் பாலி அக்ரிலேட் குருணை, இடுப்பில் எலாஸ்டிக், எல்லாவற்றையும் ஒட்டும் பசை. போதாததற்கு நம் செல்லப் பேரனின் சரக்கு. இதைப் பிரித்து மறுசுழற்சி செய்ய எந்தக் காயலான் கடைக்காரரும் வரமாட்டார். புதைக்கலாம், எரிக்கலாம், இல்லாவிட்டால் எங்காவது வீசலாம். வெளிவட்டச் சாலை ஓரத்தில் நடந்து பார்த்தால் மூன்றாவது வழி எவ்வளவு பிரபலம் என்று தெரியும். நாய் இழுத்துப் போட்டு, மழையில் ஊறி, தலையணை மாதிரி உப்பிக் கிடக்கும்.

மக்குவதற்கு 500 வருஷம் ஆகும் என்று எழுதுகிறார்கள். டயாபர் சந்தைக்கு வந்தே நூறு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, இருந்து பார்த்துச் சொன்னவர் யாரும் இல்லை. அந்த எண் எனக்குத் தேவையும் இல்லை. நம் தென்புறநகர்க் குப்பை எங்கே போனது என்று பார்த்தால் போதும். தாம்பரத்துக்கு அடையாற்றங்கரைக் கன்னடபாளையம், தென்சென்னைக்குப் பெருங்குடி என்று மேடு மேடாகக் கொட்டிவிட்டு, பிறகு அதைத் தோண்டிச் சலிக்க வேண்டியதாயிற்று. பெருங்குடி மேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்தது. அந்த மேடு உட்கார்ந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022-இல்தான் பள்ளிக்கரணையை உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலமாக அறிவித்தார்கள். ஒரு கையால் பட்டம், இன்னொரு கையால் குப்பை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, பயன்படுத்திய டயாபரை உறையில் பத்திரமாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குக் கூறின. தயாரிப்பவர்கள் மறுசுழற்சிக்கு உகந்த பொருளுக்கு வழி பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை சேர்த்துத் தரவேண்டும் என்றும் கூறின. நாங்கள் வாங்கிய பாக்கெட்டில் சிரிக்கிற குழந்தை படம் இருந்தது, உறை இல்லை. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் 'ஸ்வச்' கூட்டுறவு 2013-இல் ஒரு காரியம் செய்தது. வீடுகளிலிருந்து வந்த பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, தயாரித்த கம்பெனிகளுக்கே அனுப்பிவைத்தார்கள். படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. அடுத்த நிமிஷம், அந்த மூட்டையில் என் வீட்டுப் பங்கும் இருந்தால் என் விலாசத்துக்கும் அல்லவா ஒன்று அனுப்பவேண்டும் என்றும் தோன்றியது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

முதலாவது, தண்ணீர். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். லாரித் தண்ணீருக்கு டோக்கன் போட்டுக் காத்திருந்த அந்த மாதங்களில் குழந்தைத் துணியைத் துவை என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். இன்றைக்கு எங்கள் வீட்டு அளவு மூன்று வாளி, 45 லிட்டருக்குள். ஷவரில் நிற்கும் நம் வீட்டு இளவட்டங்கள் அதைவிட அதிகம் ஊற்றிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, மின்சாரம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை வருஷத்துக்கு டயாபரால் சுமார் 550 கிலோ, துணியால் சுமார் 570 கிலோ கரியமிலக் கணக்கு வந்தது. டயாபர் கட்சிக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் துணியின் கணக்கைத் துவைக்கிற விதமே தீர்மானிக்கிறது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. மெஷின் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொண்டால் துணியின் பாரம் நன்றாகக் குறைந்துவிடும். அந்த நாட்டு அரசு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் துணியே சுமார் 25 சதவீதம் குறைவு என்று வந்தது. அங்கே உலர்த்தக் கரண்ட் வேண்டும். இங்கே மொட்டைமாடியில் சூரிய பகவான் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறார். சித்திரையில் போட்ட துணி காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

மூன்றாவது, நேரம். இதுதான் கனமான வாதம். என் மருமகள் பெருங்குடியில் வேலை பார்க்கிறாள். பேறுகால விடுப்பு 26 வாரம் முடிந்தது, கிளம்பிவிட்டாள். தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு விடுப்பு கொடுக்கச் சட்டமே இல்லை. காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு வரும் பெண்ணிடம் "நாங்கள் எல்லாம் துணிதான்" என்று சொல்வது கொடுமை. அவளுக்கு நேரமில்லை என்பது உண்மை. வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? காலையில் ஒன்றரை மணி நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார யாருக்கு முடிகிறதோ, அவருக்கு.

உலகம் முழுக்கப் பரவிய பேம்பர்ஸ் 1961-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு மூலகாரணம் விக்டர் மில்ஸ் என்கிற ரசாயனப் பொறியாளர். பேரக்குழந்தையின் துணியை மாற்றுவது அவருக்குப் பிடிக்காமல் போனதில் பிறந்த யோசனை என்பார்கள். அவராவது மாற்றிப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டார். நாம் தொட்டே பார்க்காமல் தீர்ப்பு சொல்கிறோம்.

அதனால் நான் வாளியைத் தூக்கினேன். முதல் நாள் மருமகள் பதறிப்போய், "மாமா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? யாராவது பார்த்தா என்னைத்தான் சொல்வாங்க" என்றாள். எவ்வளவு உண்மை! நான் துவைத்தால் பழி அவளுக்கு, துவைக்காமல் விட்டாலும் பழி அவளுக்கு. "சொல்றவங்க வந்து துவைக்கட்டும்மா" என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "நாப்பது வருஷம் லேட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, மூடி போட்ட வாளியில் போட்டுவைக்க வேண்டும். வெந்நீரில் நேராகப் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலை சோப்பு குறைவாகப் போட்டுத் துவைத்து, இரண்டு முறை அலசி, நல்ல வெயிலில் போடவேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, துணி அப்பளம் மாதிரி விறைக்கும். கையால் கசக்கி உதறினால் சரியாகிவிடும். வாசனைக்காக மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், துணி ஈரம் உறிஞ்சாது. பழைய பருத்தி வேட்டி முக்கோணங்கள் ஒரு பக்கம், மருமகள் வாங்கிய பட்டன் வைத்த புது மாதிரித் துணி எட்டு ஒரு பக்கம். ஒன்று 400 ரூபாய் வீதம் 3,200 ரூபாய். டயாபருக்கு நாளைக்கு ஐந்து, ஒன்று 12 ரூபாய் என்றால் மாதம் 1,800. இரண்டு வருஷத்துக்கு 43,200. கணக்கைப் பார்த்து மகன்கூட வாயை மூடிக்கொண்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை துவைப்பது அவன்தான்.

பாட்டிகளின் பழைய வித்தை ஒன்றும் திரும்பி வந்திருக்கிறது. பால் குடித்த சற்று நேரத்தில் காலை நீட்டி, பாதங்களுக்கு நடுவில் குழந்தையை உட்காரவைத்து, "உஸ்ஸ்" என்று சொல்வார்களே, அதுதான். என் மனைவி காலையில் செய்கிறாள். பாதி நாள் துவைக்கிற வேலையே எனக்குக் குறைந்துபோகிறது.

துணி கட்டினால் புண்ணே வராது என்று கதைவிட மாட்டேன். நனைந்த துணியை மாற்றாமல் விட்டாலும் தோல் சிவக்கும். இரவிலும், வெளியூர்ப் பயணத்திலும் எங்கள் பேரனுக்கும் டயாபர்தான். ஒரு நாளைக்கு ஐந்து போன இடத்தில் ஒன்று. அதையும் மலத்தைத் தட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளி வைத்துத் தனியாகக் கையில் கொடுக்கிறோம். அந்த அம்மாவுக்குப் பிரிக்காமலே தெரியும். தாத்தா பாட்டி இல்லாத வீடுகள் உண்டு, உடம்புக்கு முடியாத பெரியவர்கள் உண்டு. அவர்கள் டயாபர் போடட்டும். ஆனால் சுற்றிக் கொடுக்கட்டும். அதற்கு இரண்டு நிமிஷமும் ஒரு பழைய பேப்பரும் போதும்.

என் சண்டை டயாபர் மாட்டும் பெண்களோடு இல்லை. தன் கை நனையாமல் தர்மம் பேசும் என் வயதுக்காரர்களோடுதான். துணி நல்லது என்று நம்புகிறீர்களா? ரொம்ப சந்தோஷம், நானும் நம்புகிறேன். பம்படியில் குந்தி உட்காரவேண்டாம். இடுப்பு உயரத்தில் தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது, பலர் வீட்டில் மெஷினும் இருக்கிறது.

பெஞ்சில் இதைச் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். "ரிட்டயர் ஆகியும் டோபி வேலையா?" என்றார் ஒருவர். "ஆமாம்" என்று எழுந்துவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மாடியில் துணி போடவேண்டும்.