கட்டுச்சோற்று மூட்டையில் முதலிடம் எதற்கு?

விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்க்கு மலைநாட்டு நினைவும் கூடவே வந்துவிடுகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டங்கள் நிகழும் நாட்களில், கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்குகின்றனர். கட்டுச்சோறு இல்லாத குடும்பம் அவற்றுள் அரிது. புளிச்சோறு, பொரித்த மிளகாய், அவித்த முட்டை, பலகாரம் என ஒன்றுக்கும் குறைவில்லை. ஆயினும், மலைக்குப் போகும் மூட்டையைப் பலரும் சோற்றிலிருந்தே கட்டத் தொடங்குகின்றனர். அந்த வரிசை மாறவேண்டும் என்பதே நமது கருத்து.

ஹோர்ட்டன் சமவெளியை உதாரணமாகக் கொள்வோம். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆள்பதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டன் என்பவரின் பெயரால் வழங்கும் இப்புல்வெளி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறரைப் பாகை அளவு குறைகிறது. எனவே, கொழும்பில் 27 பாகையில் வியர்த்தவர் அங்கே 13 பாகையில் நடுங்குகிறார். சனவரி, பெப்ரவரி மாதங்களில் அதிகாலைப் புல் மீது உறைபனி படிவதும் உண்டு. உலக முடிவு எனும் பெரும் பள்ளத்தைக் காண விரும்புவோர் காலை ஒன்பது மணிக்கு முன்னரே அங்கு சேரவேண்டும். பின்னர் மூடுபனி ஏறி வந்து காட்சியை மறைத்துவிடும். ஆதலால் புறப்பாடு விடியற்காலையிலேயே. சுற்றிவரும் பாதையோ ஒன்பது கிலோமீற்றருக்கும் அதிகம். இடைவழியில் கடையுமில்லை, வீடுமில்லை.

நுவரெலியாவுக்கு அருகே ஒரு தோட்டப் பாதையோரத்தில் ஒரு முறை நாம் கண்டது நினைவுக்கு வருகிறது. பிற்பகல் மழையில் முற்றாக நனைந்த ஒரு குடும்பம் மரத்தடியில் ஒதுங்கி நின்றது. ஐந்து வயதுக் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தந்தையார் அடுக்குப் பெட்டியைத் திறந்து குழந்தைக்குச் சோறு ஊட்ட முனைந்தார். கொழுந்துக் கூடையுடன் அவ்வழியே வந்த முதிய பெண்மணி ஒருவர் நின்று, “சோறு கெடக்கட்டுங்க ஐயா, புள்ளைக்குப் போத்த என்னா கொண்டாந்தீங்க?” என்று கேட்டார். கேள்விக்கு விடை இல்லை. அவரே தம் தலைத்துண்டை அவிழ்த்துக் குழந்தையின் ஈரத்தைத் துவட்டி, லயத்துக்கு அழைத்துச் சென்று அடுப்பருகே அமர்த்தினார்.

மலையில் நாள்தோறும் ஏறி இறங்குவோரின் மூட்டையை நோக்கினால் இவ்வரிசை விளங்கும். முற்காலத்தில் கொழுந்து பறிப்போர் மழைக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டே மலைக்குச் சென்றனர். உண்பதற்கு அவர்கள் கொண்டு சென்றது ரொட்டியும் சம்பலும் தேநீரும். உடல் காய்ந்திருப்பது முதலில், உணவு அடுத்து என்பதை அவர்தம் தொழிலே கற்பித்தது. நனைந்த பருத்தித் துணி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தபோதும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆகவே ஆளுக்கொரு கம்பளிச் சட்டை, ஒரு மழைக்கோட்டு, குழந்தைகளுக்கு மாற்றுடுப்பு, துவாய் ஆகியவற்றை முதலில் மூட்டையில் வையுங்கள். வெட்டவெளியின் காற்றில் குடையை நம்பவேண்டா. ஏப்ரலில் காலை வெயிலைக் கண்டு ஏமாறவும் வேண்டா. பிற்பகலில் இடிமழை பொழிவது மலைநாட்டின் இயல்பு.

இரண்டாவது இடம் சூடான பானத்துக்கு. தேசிய வனத்தினுள் அடுப்பு மூட்டுதல் ஆகாது; காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தாலும் கேடு பெரிது. எனவே வீட்டிலேயே தேநீரைப் பிளாஸ்கில் நிறைத்துக்கொள்க. பின்னரே உணவு. புளி சேர்ந்த சோறு எளிதில் கெடாது, ரொட்டியும் அவ்வாறே. தேங்காய்ச் சம்பலைக் காலை உணவோடு முடித்துவிடுவது நலம். இவற்றோடு காயத்துக்குக் கட்டுத்துணியும், வழக்கமாக உண்ணும் மருந்துகளும் இருக்கட்டும். தோட்டத்து ஈரப்புதர்களில் அட்டை கடித்தால் கலங்க வேண்டியதில்லை. நகத்தால் பக்கவாட்டில் தள்ளி அகற்றி, கடிவாயைக் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது தடுப்பதால் கசிவு சற்று நேரம் தொடரும், அவ்வளவே.

எதிற் கட்டுவது என்பதும் ஒரு கேள்வி. ‘லஞ்ச் சீட்’ எனும் பொலித்தீன் தாள் 2017 செப்டெம்பர் முதல் நாட்டிலே தடைசெய்யப்பட்டுள்ளது. ஹோர்ட்டன் சமவெளியின் வாயிலிலோ மூட்டையைத் திறந்து பார்த்து, பொலித்தீன் உறைகளை அகற்றிய பின்னரே உள்ளே விடுகின்றனர். உணவு மணக்கும் உறையை மரை விழுங்கிவிட்டால் அது வயிற்றில் செரிக்காது தங்கி உயிருக்கே உலையாகும். அனலில் வாட்டிய வாழையிலையும் எவர்சில்வர்ப் பெட்டியும் இருக்க, நமக்கு வேறென்ன வேண்டும்?

மூட்டையில் கடைசியாக வைக்கவேண்டியது ஒரு வெறும் துணிப்பை. எச்சில் இலை, முட்டைத் தோடு, வெற்றுப் போத்தல் யாவும் அதில் அடங்கி நம்முடனேயே வீடு திரும்பவேண்டும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் நீர் தரும் ஊற்றுக்கண்கள் அம்மேட்டு நிலத்தில் உள்ளன. கொழும்பு மக்கள் குடிப்பது களனி நீர். மலையில் நாம் எறிந்துவிட்டு வந்தது, என்றோ ஒருநாள் நம் வீட்டுக் குழாயைத் தேடி வரக்கூடும்.