மருத்துவக் காப்பீடும் மஹல்லாவின் முதலும்

ஒரு நாடு பொருளாதாரத்தில் முன்னேறியிருக்கிறதா என்று கேட்டால், மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஏற்றுமதி, பங்குச் சந்தை என எண்களை அடுக்குவார்கள். அந்நாட்டில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கு மாரடைப்பு வந்தால் அவருடைய கடை என்னவாகும் என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்டாக வேண்டும். நம் மஹல்லாக்களில் பலர் சிறு வணிகர்கள், கைத்தொழிலாளர்கள், வளைகுடாவில் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள். ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த இ.எஸ்.ஐ. பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை.

இத்தகைய வீட்டில் நோய் நுழையும்போது முதலில் கரைவது கடையின் முதல்; அடுத்து மனைவியின் நகை. பிறகு மகன் கல்லூரியை விட்டுவிட்டுக் கல்லாவில் அமர்கிறான். நோய் வராத வீட்டிலும் ஓர் இழப்பு உண்டு. 'ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருக்கட்டும்' என்று பெட்டியில் உறங்கும் பணம் எந்தத் தொழிலிலும் இறங்குவதில்லை. இலட்சக்கணக்கான வீடுகளில் இந்த அச்சம் முடக்கி வைத்திருக்கும் முதலைக் கூட்டிப் பார்த்தால், மருத்துவப் பாதுகாப்பு நாட்டின் உற்பத்தியோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பது விளங்கும்.

நடுவண் அரசின் கணக்குப்படி, 2013-14இல் இந்தியாவின் மருத்துவச் செலவில் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ 64 ரூபாய் மக்களின் சட்டைப்பையிலிருந்து நேரடியாகப் போயிற்று. 2021-22இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான். ஆயினும், 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு நலவாழ்வுக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021-22இல் செலவிடப்பட்டதோ 1.84 சதவீதம்.

"முதலில் நாடு செழிக்கட்டும், காப்பீடு பிறகு" என்பாருக்குத் தாய்லாந்தைக் காட்டலாம். 1997இல் அந்நாட்டு நாணயமான பாட் சரிந்து, ஆசியாவையே உலுக்கிய நெருக்கடி அங்குதான் தொடங்கியது. அதிலிருந்து முழுமையாக மீளும் முன்பே, 2002இல், மருத்துவப் பாதுகாப்பு ஏதுமில்லாதிருந்த குடிமக்கள் அனைவரையும் அரசு ஒரே திட்டத்தில் சேர்த்தது. ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் கட்டணம், மீதி வரிப்பணம். நம் சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் பட்டாணி, யாலா, நராத்திவாத் மாகாணங்களுக்கும் அத்திட்டம் சென்றது. மருத்துவச் செலவால் வறுமையில் விழும் குடும்பங்கள் குறைந்தன.

மறுபுறம் அமெரிக்கா. உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடும் அந்நாட்டில் மருத்துவக் கடன் இன்னும் ஒரு பெருஞ்சுமை. காப்பீடு போய்விடும் என்று அஞ்சிப் பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருப்போர் அங்கு உண்டு. ஆகவே காப்பீடு என்ற பெயர் மட்டும் போதாது. சுமையை யார் யாரோடு பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதே கணக்கு.

மார்க்கம் இந்த விஷயத்தில் சொல்வதை நம்மில் பலர் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மையும் சூதின் சாயலும் வட்டியும் கலந்திருப்பதாக ஆலிம்கள் சுட்டிக்காட்டினர். 1985இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி அதனை ஆகாது என்றது. அதே தீர்மானம், நன்கொடையை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக முன்வைத்தது. மலேசியா அதற்கு முந்தைய ஆண்டே தகாஃபுலுக்குச் சட்டம் இயற்றிவிட்டது. நாமோ "காப்பீடு கூடாது" என்பதை மட்டும் நினைவில் வைத்தோம். வட்டிக்கு அஞ்சிக் காப்பீட்டைத் தவிர்த்தவர், அறுவை சிகிச்சை நாளன்று நகையை அடகு வைத்து வட்டி கட்டுகிறார். இதைப் பேணுதல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

உணவு குறைந்தபோது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். அந்த ஏற்பாட்டை இன்று நம் ஊரில் காண்பது அரிது. நாம் வைத்திருப்பது ஜும்ஆவுக்குப் பின் வாசலில் விரிக்கப்படும் துண்டு. நோயாளியின் பெயரும் வியாதியும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட பிறகுதான் சில ஆயிரம் ரூபாய் சேர்கிறது. அதற்குள் கடை போயிருக்கும்.

தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமான வரம்பு 2022 முதல் 1,20,000 ரூபாய். பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. பயனாளி எதையும் கட்டுவதில்லை. வணிகக் காப்பீட்டைப் பற்றிய ஆட்சேபம் இதற்குப் பொருந்துமா என்ற ஐயம் இருப்பவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். கேளாமலேயே விலகி இருப்பதுதான் தவறு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இன்றி இந்த அட்டை கிடைக்காமல் போனவர்களின் பட்டியல் எத்தனை ஜமாஅத் அலுவலகங்களில் இருக்கிறது? திருமணப் பதிவேடு இருக்கிறது. சந்தாப் பதிவேடும் இருக்கிறது.

இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை அதில் அடங்காது. மக்களின் கைப்பணம் மிகுதியும் கரைவது அங்கேதான். மாத்திரையை நிறுத்தியவரே பின்னாளில் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போகிறார். பைத்துல்மாலின் வேலை இந்த இடத்தில் இருக்கிறது என்பது நம் கருத்து. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை, நன்கொடை என்ற நிய்யத்தோடு, ஜகாத் பணத்தோடு கலவாத தனிக் கணக்கில் சேரட்டும். அதிலிருந்து மாத்திரையும் பரிசோதனையும் உறுப்பினர் அனைவருக்கும் உரிமையாகக் கிடைக்கட்டும். ஏற்கெனவே கடனில் மூழ்கியவருக்கு ஜகாத்தில் பங்குண்டு. கடன்பட்டோரை அல்லாஹ் எட்டு வகையினருள் ஒருவராக வைத்திருக்கிறான். அந்தப் பட்டியலில் புதிதாக எவரும் சேராதிருக்க வழிசெய்வது இந்த இரண்டாம் கணக்கு. வரும் நிர்வாகக் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் நம்பிக்கையான இருவரும் போதும்.