முடி வெட்டியது குற்றமா?

மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர்களிடம் ‘லோட்’ நல்ல ஆல்பம் என்றால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். 1996இல் அது வெளிவந்தபோது நால்வரும் முடியை வெட்டியிருந்தார்கள். த்ராஷ் மெட்டல் இசையின் வேகம் போய், ப்ளூஸ் வாடை ஏறியிருந்தது. முழுசாகக் கேட்பதற்குள் பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இத்தனைக்கும் 1984இலேயே, ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டு மென்மையாகத் தொடங்குகிறது என்பதற்காக, விலைபோய்விட்டார்கள் என்று இவர்களை ஏசியவர்கள் உண்டு. இன்று அந்தப் பாட்டைக் கொண்டாடாத ரசிகர் அபூர்வம்.

‘லோட்’ ஏன் நல்ல ஆல்பம் என்பதற்கு ஒரு பாட்டே போதும். குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் தாய் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 16. பிரார்த்தனையே நோய் தீர்க்கும் என்று மருத்துவத்தை ஒதுக்கிய குடும்பம். 1991 ஆல்பத்தில் அந்த இழப்பு கோபமாக வெடித்தது. ‘லோட்’டின் ‘மாமா செட்’ பாட்டில் அது கிட்டாரும் குரலுமாகத் தொடங்கி, ஒரு மகனின் ஏக்கமாக வருகிறது. கத்துவதைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். ஆல்பம் நீளம்தான், குறுந்தட்டில் இடம் போதாமல் கடைசிப் பாட்டையே நறுக்கினார்கள். நானாக இருந்தால் நடுவில் மூன்று பாட்டுகளை எடுத்துவிட்டு, அந்தக் கடைசிப் பாட்டான ‘தி அவுட்லா டார்ன்’ஐ முழுசாக ஓடவிட்டிருப்பேன்.